பிச்சாவரத்தில் அந்தி நேரப் படகு: குடியாத்தத்தில் இருந்து கேட்டவருக்கு ஒரு பதில்

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன், பின்னால் படிப்பவர்களுக்கும் புரியும். நீங்கள் இருப்பது குடியாத்தம். அக்கா குடும்பம் மலேசியாவில், கிள்ளான் பக்கம். அவர்கள் கோலா சிலாங்கூரில் இருட்டிய பிறகு சின்னப் படகில் போய், ஆற்றோர மரமெல்லாம் மின்மினி விட்டுவிட்டு எரிவதை வீடியோ எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அதைப் பார்த்ததில் இருந்து உங்கள் ஒன்பது வயதுப் பெண் விடமாட்டேன் என்கிறாள். சிதம்பரம் பக்கத்துப் பிச்சாவரத்திலும் அதே மாதிரி அலையாத்திக் காடுதானே (கடல்தண்ணீர் ஏறி இறங்குகிற சேற்றில் வளரும் மாங்குரோவ் காடு), அங்கே அந்தி நேரத்தில் துடுப்புப் படகில் போனால் பறவை, விலங்கு எல்லாம் பார்க்க முடியுமா, முதலை இருக்குமா, மூட்டுவலி உள்ள அம்மாவையும் கூட்டிப்போகலாமா, வீட்டில் ஒருவருக்கும் நீச்சல் தெரியாதே என்று கேட்டிருக்கிறீர்கள். இத்தனை கேள்விக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. இருநூறு கிலோமீட்டருக்கு மேல் போய் வந்த பிறகு அந்தக் குழந்தை முகம் தொங்கிப்போய்த் திரும்பக் கூடாது. அதற்குத்தான் பதில் சொல்ல முயற்சி செய்கிறேன்.

நான் வேலூரில் தாவரவியல் வாத்தியாராக இருந்தவன். இருபது வருஷத்துக்கு மேல், பெரும்பாலும் பொங்கல் முடிந்த கையோடு, மாணவர்களைப் பிச்சாவரம் கூட்டிப்போயிருக்கிறேன். அதனால் மரத்தைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம். தண்ணீரையும் ஓதத்தையும் (கடல்தண்ணீர் தினமும் ஏறி இறங்குவதை) பற்றித் தெரிந்ததெல்லாம் துடுப்பு வலிக்கிற அண்ணன்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டது. பறவைகளை ஓரளவுக்கு அடையாளம் சொல்வேன், அந்தத் துறையில் ஆராய்ச்சி செய்தவன் இல்லை.

முதலில் மின்மினி விஷயத்தை முடித்துவிடுவோம், குழந்தையின் ஆசை அதில்தான் இருக்கிறது. சிலாங்கூர் ஆற்றங்கரையில் பெரம்பாங் என்று ஒரு மரம் உண்டு, அதுவும் அலையாத்திக் காட்டு மரம்தான். அங்கே உள்ள மின்மினி வகை அந்த மரத்தில் கூட்டம் கூட்டமாக உட்காரும், பெண் பூச்சியை அழைக்க ஆண் பூச்சிகள் ஒரே தாளத்தில் மின்னும். அது அந்த வகைப் பூச்சியின் குணம். அலையாத்திக் காடு இருக்கிற இடத்தில் எல்லாம் அது இருக்கும் என்று கிடையாது. பிச்சாவரத்தில் மரம் முழுக்க அப்படி எரிவதை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை, அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் சொல்லியும் கேட்டதில்லை. தமிழ்நாட்டில் மின்மினிகள் காடே ஒளிர்கிற மாதிரி சேர்ந்து மின்னுவது ஆனைமலைப் பக்கம், கோடை முடிந்து மழை தொடங்கும் சமயத்தில். 2022இல் அது பெரிதாகச் செய்தியானது. ஆகவே கிளம்பும் முன்பே பெண்ணிடம் சொல்லிவிடுங்கள்: அங்கே பார்க்கப்போவது மின்மினி இல்லை, வேறு. அந்த வேறு என்ன என்பதுதான் இனி வருவது.

அடுத்தது நேரம். பிச்சாவரத்தில் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறை இருக்கிறது. துடுப்புப் படகு, மோட்டார் படகு இரண்டும் உண்டு, துடுப்புப் படகில் வலிக்க ஆள் வருவார். ஆனால் அது பகல் நேரச் சவாரி. மாலை ஐந்து, ஐந்தரை வாக்கில் முடித்துவிடுவார்கள், கிளம்புகிற அன்று காலை போன் செய்து கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். இருட்டில் உள்ளே போக அனுமதி இல்லை, யாராவது தனியாகக் கூட்டிப்போகிறேன் என்று சொன்னாலும் போகாதீர்கள். அப்படியென்றால் அந்தி எங்கே வந்தது என்று கேட்பீர்கள். இங்கேதான் மாதத்தைப் பார்த்துக் கிளம்ப வேண்டும். அந்தக் கரையில் நவம்பர் கடைசியில் சூரியன் ஐந்தேமுக்காலுக்கு முன்பே விழுந்துவிடும். டிசம்பர் கடைசியில் ஆறு மணிக்குச் சற்று முன்னால், ஜனவரி கடைசியில் ஆறேகால் மணிக்குச் சற்று முன்னால். ஜூன் மாதம் போனால் ஆறரைக்கு மேல்தான். கோடை விடுமுறையில் போகிறவர்கள் நாலு மணிப் படகில் ஏறினால் உச்சி வெயில் மாதிரி காயும், பறவை ஒன்றும் அசையாது, காடு உயிர்பெறும் நேரத்தில் இவர்கள் கரையேறிக் காரில் உட்கார்ந்திருப்பார்கள். அதே நாலு மணிப் படகில் டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ ஏறினால் மாலையின் சாய்ந்த வெளிச்சம் முழுக்க உங்களுக்கு. இலக்கணத்தில் நெய்தல் நிலத்துக்கு உரிய சிறுபொழுது எற்பாடு என்று படித்திருப்பீர்கள். எல் என்றால் சூரியன், பாடு என்றால் விழுவது என்றுதான் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். சூரியன் எழும் நேரம் என்று பொருள் கொண்ட உரையும் உண்டு, அதைப் பற்றி அறிஞர்கள் வாதாடட்டும். ஆனால் ஜனவரி மாதம் மாலை ஐந்து மணிக்கு அந்த உப்பங்கழியில் ஒருமுறை இருந்துவிட்டு வந்தால், கடலோரத்துக்கு ஏன் சாயங்காலத்தைக் கொடுத்தார்கள் என்று யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இனி முக்கியமான விஷயம். மோட்டார் படகு வேண்டாம். சீக்கிரம் போகலாம், நிறைய தூரம் சுற்றலாம் என்பார்கள். உண்மைதான், ஆனால் அந்தச் சத்தத்துக்கு இருநூறு அடிக்கு முன்பே எல்லாம் பறந்துவிடும், அகலமான கால்வாயில் மட்டும்தான் அது போகவும் முடியும். துடுப்புப் படகு எடுங்கள். எடுத்து, உள்ளே போன பிறகு, படகுக்காரரிடம் இப்படிக் கேளுங்கள்: "அண்ணே, எங்களுக்கு ரொம்ப தூரம் போக வேண்டாம், கொக்கு அடையிற இடம் தெரியிற மாதிரி ஒரு ஓரத்துல கொஞ்ச நேரம் நிறுத்துங்க." பெரும்பாலான சுற்றுலாப் பயணிகள் வேகமாகப் போ, இன்னும் உள்ளே போ என்றுதான் கேட்பார்கள். நிறுத்தச் சொன்னால் அவருக்கே முகம் மலரும். துடுப்பைத் தூக்கிப் படகுக்குள் வைத்துவிடுவார். பத்து நிமிஷம் யாரும் பேசாமல் இருக்க வேண்டும். இந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் நீங்கள் குடியாத்தத்தில் இருந்து போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு மூன்று நிமிஷத்துக்கு ஒன்றும் நடக்காது. அப்புறம் காது திறக்கும். தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தால் சேற்றில் இருந்து பட், பட் என்று சன்னமான சொடக்குச் சத்தம் வரும், அடுப்பில் உப்புப் போட்டால் வெடிக்குமே அப்படி. ஒரு வகை இறால் தன் கொடுக்கைச் சொடுக்குகிற சத்தம் அது. பிறகு கண்ணுக்குச் சேறு அசைவது தெரியும். ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவுக்குப் பெரிதாக இருக்கிற சின்ன நண்டுகள் வளையில் இருந்து வெளியே வந்து, அந்தக் கொடுக்கை வா வா என்று கூப்பிடுவது போல ஆட்டும். ஆட்டுவதெல்லாம் ஆண் நண்டு. விரல் நீள மீன் ஒன்று தண்ணீரை விட்டு வெளியே வந்து, முன் துடுப்பைக் கால் மாதிரி ஊன்றிச் சேற்றில் தாவித்தாவிப் போகும், நடுவில் நின்று கண்ணை உருட்டும். என் மாணவன் ஒருவன், ஆம்பூர்ப் பையன், அதைத் தவளைக் குஞ்சு என்று பந்தயம் கட்டினான். அது மீன்தான் என்று படகுக்கார அண்ணன் சொல்ல, அடுத்த கால் மணி நேரம் அவன் படகின் விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு எழுந்திருக்கவே இல்லை. கொக்கு கூட்டத்துக்காக அத்தனை பேரையும் அழைத்துப்போன எனக்கு, பிள்ளைகளுக்கு எது பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. உங்கள் பெண்ணுக்கும் அந்த மீனைத்தான் முதலில் காட்டுங்கள்.

ஐந்து மணி தாண்டினால் மேலே பார்க்க ஆரம்பிக்கலாம். வயலில் மேய்ந்த வெள்ளைக் கொக்கும் உண்ணிக் கொக்கும் பத்து, இருபது, முப்பது என்று கோடு கோடாகத் திரும்பி வரும். ஒரே மரத்தில் இடத்துக்குச் சண்டை போடும், அந்தக் கலகலப்பு அடங்கவே நேரமாகும். நீர்க்காகம் பட்ட கொம்பில் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும். நம்மூர் ஏரிக்கரையில் மண்ணோடு மண்ணாக நிற்குமே மடையான், குருட்டுக்கொக்கு என்றும் சொல்வோம், அது இங்கே வேரோடு வேராக நிற்கும். படகு பக்கத்தில் போனதும் எழும்பும்போது மட்டும் திடீரென்று வெள்ளை வெளேரென்று விரியும். இதெல்லாம் அநேகமாக நிச்சயம், குளிர்காலத்தில் நான் போன ஒரு தடவையும் தவறியதில்லை. மீன்கொத்தியும் கழுத்து வெளுத்த செம்பருந்தும்கூட அப்படித்தான். வெளிச்சம் மங்கும்போது எதிர்த்திசையில் ஒன்று புறப்படும், எல்லாப் பறவையும் அடைய வரும்போது இது வேலைக்குக் கிளம்பும். வக்கா என்று சொல்கிற இராக்கொக்கு. குவாக் என்று ஒற்றைச் சத்தம் கொடுத்துவிட்டுத் தலைக்கு மேல் போகும். அதைப் பார்ப்பது நேரத்தைப் பொறுத்தது, சத்தமாவது கேட்டுவிடும். விலங்கு என்று எடுத்துக்கொண்டால் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். நரி ஊளையிடுவதைத் தொலைவில் இருந்து சில முறை கேட்டிருக்கிறேன். நீர்நாய்க் குடும்பம் ஒன்றை இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு தடவை, அதுவும் அரை நிமிஷம் பார்த்தேன். யாராவது நிச்சயம் காட்டுகிறேன் என்று சொன்னால் அது வியாபாரப் பேச்சு.

முதலை விஷயம். நீங்கள் பயப்படுகிற பெரிய உப்புநீர் முதலை இந்தியாவில் சுந்தரவனம், ஒடிசாவின் பிதர்கணிகா, அந்தமான் ஆகிய பக்கங்களில் இருக்கிறது, இங்கே இல்லை. சிதம்பரத்தைச் சுற்றிக் கொள்ளிடத்திலும் சில குளங்களிலும் இருப்பது நன்னீர் முதலை, நம் வேலூர்ப் பக்கத்து அமிர்தி உயிரியல் பூங்காவில் பார்க்கிற வகை. கிராமத்துக் குளத்தில் புகுந்தது, வனத்துறை பிடித்தது என்று செய்தி வருவதெல்லாம் அதைப் பற்றித்தான். அது உப்பு கலந்த கழியை விட நல்ல தண்ணீரைத்தான் விரும்பும். சவாரி போகிற கால்வாய்களில் நான் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் சிதம்பரம் பக்கத்தில் வழியில் தென்படும் ஆற்றிலோ குளத்திலோ குழந்தையைக் கால் நனைக்க விடாதீர்கள். அலையாத்திக் காட்டில் உண்மையான ஆபத்து வேறு: சேறு. இடுப்பளவு தண்ணீர்தானே என்று இறங்கினால் அடியில் இருக்கிற களி காலை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், நீச்சல் தெரிந்தவரும் திணறுவார். இன்னொன்று, வேரில் ஒட்டியிருக்கிற சிப்பி. அதன் விளிம்பு பிளேடு மாதிரி. குறுகலான கால்வாயில் போகும்போது ஆசையாக வேரைப் பிடிக்கக் கை நீட்டுவார்கள், உள்ளங்கை கிழிந்துவிடும். கையும் முழங்கையும் படகுக்குள்ளேயே இருக்கட்டும்.

என் பாடத்துக்கு வந்துவிட்டேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அங்கே இரண்டு மரத்தை நீங்களே அடையாளம் கண்டுகொள்ளலாம். தூணில் இருந்து முட்டுக்கட்டை கொடுத்த மாதிரி வளைந்து வளைந்து வேர் இறங்கியிருந்தால் அது சுரபுன்னை. கால்வாய் ஓரத்தில் குகை மாதிரி கூரை போட்டிருப்பது பெரும்பாலும் அதுதான். அதன் விதை மரத்தில் இருக்கும்போதே முளைத்து முருங்கைக்காய் மாதிரி நீளமாகத் தொங்கும், விழுந்தால் சேற்றில் குத்திக்கொண்டு வளரும், இல்லையென்றால் மிதந்து வேறு கரைக்குப் போகும். சேற்றில் இருந்து பென்சில் பென்சிலாக வேர் மேலே நீட்டிக்கொண்டிருந்தால் பக்கத்தில் இருப்பது வெண்கண்டல், இலையின் அடிப்பக்கம் வெளுத்திருக்கும். சேற்றுக்குள் காற்று இல்லாததால் மூச்சு விட வேரை மேலே அனுப்புகிறது. வெண்கண்டல் உப்பை உறிஞ்சி இலை வழியாக வெளியே தள்ளிவிடும், சுரபுன்னை வேரிலேயே பெரும்பாலான உப்பைத் தடுத்துவிடும். படகுக்காரர் ஒரு வெண்கண்டல் இலையைக் காட்டினால் அதன் மேல்பக்கத்தை விரலால் தடவி நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கும். புத்தகத்தில் மூன்று பக்கம் நடத்தியும் மனதில் நிற்காத பாடம் அந்த ஒரு விரலில் நின்றுவிடும். கால்வாயில் தண்ணீர் சில இடத்தில் கடுந்தேநீர் நிறத்தில் இருப்பதைப் பார்த்து அழுக்கு என்று முகம் சுளிப்பார்கள், அது இலையும் பட்டையும் ஊறியதால் வருகிற டானின் என்கிற துவர்ப்புச் சத்து. ராணிப்பேட்டையிலும் வாணியம்பாடியிலும் ரசாயனம் வருவதற்கு முன்னால் ஆவாரம்பட்டையை ஊறவைத்துத் தோல் பதனிட்டார்களே, அந்தப் பட்டையில் இருந்த சரக்கும் இதுதான். சுரபுன்னைப் பட்டையையும் தோலுக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள், மீனவர்கள் வலைக்குச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள். டேனரி வாசனையில் வளர்ந்த நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

மூன்றாவதாக ஒரு மரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு தொடாமல் இருங்கள்: தில்லை. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் வந்ததே அந்த மரத்தால்தான், நடராசர் கோவிலின் தல மரமும் அதுதான். கிளையை ஒடித்தால் பால் வரும், அது கண்ணில் பட்டால் பார்வையைப் பாதிக்கும், தோலில் பட்டால் கொப்பளிக்கும். உதிரும் முன் இலை சிவந்து அழகாக இருக்கும், குழந்தை பறிக்கத்தான் பார்க்கும். எந்தக் கொப்பையும் ஒடிக்க வேண்டாம் என்று பொதுவாகவே சொல்லிவிடுவது நல்லது. அந்தக் காடு ஒரு தடவை மொட்டையடிக்கப்பட்டு மீண்ட காடு. முன்காலத்தில் கூறு கூறாக முழுவதும் வெட்டியதில் உள்ளே தரை பள்ளமாகி, கடல்தண்ணீர் தேங்கி, உப்பு ஏறி, மரமே முளைக்காமல் போனது. பிறகு எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன்முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டி, ஓதம் உள்ளே வந்து போக வழி செய்து, நாற்று நட்டு வளர்த்தார்கள். 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைந்ததற்கு அந்த மரங்களும் ஒரு காரணம். எவ்வளவு பங்கு மரத்துக்கு, எவ்வளவு பங்கு ஊர் இருந்த மேட்டுக்கும் தூரத்துக்கும் என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு, மரம் உதவியது என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வதை நான் நம்புகிறேன். 2022இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் அந்தக் காடு சேர்ந்துவிட்டது.

ஓதத்தைப் பற்றி நாம் யோசிப்பதே இல்லை. பாலாற்றில் தண்ணீர் வந்தால் வரும், வராவிட்டால் மணல்தான், ஒரே நாளில் இரண்டு தடவை ஏறி இரண்டு தடவை இறங்குகிற தண்ணீர் நமக்குப் பழக்கம் கிடையாது. அங்கே அதுதான் கணக்கு. ஏறுவதும் இறங்குவதும் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிஷம் தள்ளிப்போகும், அதனால் இந்தச் சனிக்கிழமை மூன்று மணிக்குத் தண்ணீர் நிறைந்திருந்தால் அடுத்த சனிக்கிழமை மூன்று மணிக்கு ஏறக்குறைய வற்றிப்போயிருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கம் அதிகம். நிறைந்திருந்தால் குகை மாதிரியான குறுகிய வழிகளுக்குள் படகு போகும், ஆனால் சேறு மூழ்கியிருக்கும், நண்டும் அந்த மீனும் தெரியாது. ரொம்ப வற்றிவிட்டால் சேறு நிறையத் தெரியும், உள்ளே போக முடியாது. என் விருப்பம், நிறைந்து முடிந்து இறங்க ஆரம்பித்து ஒன்றிரண்டு மணி நேரம் ஆன சமயம். மீனைத் தேடிப் பறவையும் அப்போதுதான் ஓரத்துக்கு வரும். கடலூருக்கான ஓத நேரம் போனிலேயே கிடைக்கிறது, கழிக்குள் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும், படகுத்துறையில் கேட்டால் சரியாகச் சொல்லிவிடுவார்கள்.

இந்த ஓதக் கணக்கைப் பார்க்காமல் ஒருமுறை மாட்டியிருக்கிறேன், பிச்சாவரத்தில் இல்லை, வேறொரு கடலோர ஊரில். தண்ணீர் வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது. போதும் சார், திரும்பிடலாம் என்று படகுக்காரர் இரண்டு தடவை சொன்னார். இன்னும் கொஞ்சம், அந்த வளைவு வரைக்கும் என்று நான்தான் கேட்டேன். வளைவைத் தாண்டியதும் படகின் அடி தட்டியது. அவர் இறங்கித் தொடை வரை சேற்றில் நின்று தள்ளினார், நகரவில்லை. இருட்டிவிட்டது, கொசு அப்பியது, ஒன்பது பிள்ளைகள். அதில் ஒரு பெண்ணுக்கு வீசிங் உண்டு, அவள் இன்ஹேலர் வேனில் இருந்த பையில். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஒன்றேகால் மணி நேரத்தில் இன்னொரு படகு வந்து கயிறு போட்டு இழுத்தது. அந்த ஒன்றேகால் மணி நேரம் அவள் மூச்சு விடுகிற சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு படகுக்காரர் திரும்பலாம் என்றால் நான் மறுபேச்சு பேசுவதில்லை. நீங்களும் பேசாதீர்கள், அம்மாவின் மாத்திரை கையோடு இருக்கட்டும்.

நாமே துடுப்புப் போட்டுப் போகலாமா, கயாக் என்கிறார்களே என்றும் கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். நீச்சல் தெரியாத குடும்பம், மூட்டுவலியுள்ள பெரியவர், குழந்தை என்கிறபோது வேண்டாம் என்றே சொல்வேன். கால்வாய்கள் ஒன்று போலவே இருக்கும், பழக்கமில்லாதவருக்கு வந்த வழி தெரியாது. வலிக்கிறவருக்கு அந்தக் காடு வீட்டு முற்றம் மாதிரி, எந்த மரத்தில் எந்தக் கூடு என்பது அவருக்குத்தான் தெரியும்.

எப்போது, எப்படி என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அக்டோபர் முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை புயல், மழை. அப்போது தேதி குறித்தால் ஏமாற்றம் வரலாம். ஜனவரி, பிப்ரவரி நல்லது. ஞாயிறும் பொங்கல் விடுமுறையும் கூட்டம், மோட்டார் சத்தம் ஓயாது, முடிந்தால் வார நாளாகப் பாருங்கள். வேலூர் வந்து திருவண்ணாமலை, விழுப்புரம் வழியாகச் சிதம்பரம், அங்கிருந்து கிள்ளை வழியாகப் பதினைந்து கிலோமீட்டர் வாக்கில். காலையில் கிளம்பி அன்று மாலையே படகு ஏறி இரவே திரும்புவது அம்மாவுக்கு முடியாது. முதல் நாள் மதியம் சிதம்பரம் போய்ச் சேர்ந்து, கோவில் பார்த்து, தங்கி, மறுநாள் மாலை படகு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். ஒரு சனிக்கிழமை மாலை பெண்ணைக் காவேரிப்பாக்கம் ஏரிக்கோ, அது தூரம் என்றால் உங்கள் பக்கத்தில் தண்ணீர் உள்ள எந்த ஏரிக்கோ கூட்டிப்போய், சூரியன் விழும் நேரத்தில் கரையில் அரை மணி பேசாமல் உட்காருங்கள். கொக்கும் மடையானும் நத்தைகுத்தி நாரையும் அங்கேயே இருக்கும். எத்தனை கோடு கொக்கு போனது என்று எண்ணச் சொல்லுங்கள். பேசாமல் இருப்பதும் அசைவைக் கண்டுபிடிப்பதும் பழகித்தான் வரும், பழகாத பிள்ளைக்குப் பிச்சாவரம் பச்சைச் சுவராகத்தான் தெரியும். என் மாணவர்களில் ஏரிக்கரைப் பிள்ளைகள் நகரத்துப் பிள்ளைகளுக்கு முன்னால் எப்போதும் பறவையைக் காட்டிவிடுவார்கள்.

அம்மாவைப் பற்றி. தாராளமாகக் கூட்டிப்போகலாம். படகில் உட்காரும் பலகை தாழ்வாக இருக்கும், முதுகுக்குச் சாய்மானம் கிடையாது, வீட்டில் இருந்து ஒரு தலையணை எடுத்துப்போங்கள். லைஃப் ஜாக்கெட் எல்லோருக்கும், கொக்கியை மாட்டி இறுக்கி. குழந்தைக்குப் பெரிய அளவைக் கொடுத்தால் மாற்றிக் கேளுங்கள், தலை வழியாகக் கழன்று வருகிற ஜாக்கெட் இருந்தும் இல்லாத மாதிரி. முழுக்கை, முழுக்கால் உடை, கொசு மருந்து கரையிலேயே தடவிக்கொள்ளுங்கள். போன் ஒரு பிளாஸ்டிக் பையில். டார்ச் படகில் தேவைப்படாது, திரும்பி நடக்க மட்டும். கவனிக்க வேண்டியது ஏறும்போதும் இறங்கும்போதும்தான். தண்ணீர் இறங்கியிருந்தால் திரும்பி வரும் நேரத்தில் படகு துறையின் படியை விட நல்ல தாழ்வில் நிற்கும், ஏறும்போது எளிதாக இருந்த அதே இடத்தில் மூட்டுவலிக்காரருக்குக் கால் தூக்கிவைக்க முடியாது. ஆகவே முதலில் நீங்கள் மேலே ஏறிக்கொண்டு, படகுக்காரரைப் பின்னால் இருந்து தாங்கச் சொல்லி, அம்மாவின் இரண்டு கையையும் பிடித்து மெதுவாக ஏற்றுங்கள், பெண் அதுவரை நடுப்பலகையில் உட்கார்ந்தே இருக்கட்டும்.